மேடையில் உயர்ந்த பச்சைக் கைகள்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மார்கழி மாதம். கள்ளக்குறிச்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் தடகளப் போட்டி நடந்தது. நான் உடற்கல்வி ஆசிரியை. அந்தப் போட்டியில் எனக்கு விசில் ஊதுகிற வேலையும் இல்லை, கோடு போடுகிற வேலையும் இல்லை. நுழைவுப் படிவம் சரிபார்க்கும் மேசைதான் என் இடம்.

அந்த மேசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓட வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படிவம் உண்டு. போட்டோ, பிறந்த தேதி, தலைமையாசிரியர் கையெழுத்து, போட்டோவின் மேல் பாதி விழுகிற மாதிரி பள்ளி முத்திரை. எல்லாம் சரியாக இருந்தால் சட்டையில் குத்திக்கொள்ள எண் அட்டை கொடுப்பேன். இல்லை என்றால் இல்லைதான். அப்போதே பத்தொன்பது வருடமாக அந்த மேசை எனக்குத்தான். வேறு யார் உட்கார்ந்தாலும் வயது கூடின பிள்ளை ஒன்றிரண்டு உள்ளே போய்விடும், இந்த அம்மா உட்கார்ந்தால் ஈ எறும்பு நுழையாது என்று பேசிக்கொள்வார்கள். அது காதில் விழும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருக்கும். பொய் சொல்வானேன்?

என் ரகசியம் ரொம்ப எளிது. பச்சை மை. தலைமையாசிரியர்கள் பச்சை மையில்தான் கையெழுத்துப் போடுவார்கள், வேறு யாரும் போடக் கூடாது. ஆகவே படிவத்தைத் திருப்பியதும் என் கண் பிள்ளையின் முகத்துக்குப் போகாது, நேராகக் கீழே பச்சை இருக்கிறதா என்று பார்க்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், எனக்கு முன்பு அந்த மேசையில் இருந்தவர் எழுந்து போகும்போது "பச்சை இருக்கான்னு பார்த்து வாங்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்துக்கொண்டது.

அன்று காலை கல்வராயன் மலையிலிருந்து ஒரு பள்ளி வந்தது. மூன்றே மூன்று பெண் பிள்ளைகள், கூட ஒரு ஆசிரியர். மூவர் காலிலும் ரப்பர் செருப்பு, ஓடுவது வெறுங்காலில்தான். ஒருத்தி நெடுநெடுவென்று உயரம். ஒருத்தி ரெட்டைச் சடை, வாயாடி என்பது பார்த்தவுடனே தெரிந்தது. மூன்றாமவள் ஒல்லியாக, ஒரு சின்ன மூக்குத்தியோடு இருந்தாள். முதல் இரண்டு படிவத்திலும் பச்சை இருந்தது. எண் அட்டை கொடுத்தேன். மூக்குத்திக்காரியின் படிவத்தைத் திருப்பினேன். நீலம்!

"இன்னாங்க சார் இது, நீலத்துல போட்டிருக்கீங்க?"

"பெரிய சார் மாத்தலாகிப் போய்ட்டாருங்க டீச்சர். இப்ப நான்தான் பொறுப்பு. பொறுப்புல இருக்கறவன் பச்சையில போடக்கூடாதுங்களே" என்றார் அவர். வரலாறு நடத்துகிறவராம். அந்தப் பள்ளியில் விளையாட்டுக்கென்று ஆசிரியர் கிடையாது, இவர்தான் ஓடவும் சொல்லித் தருகிறார்.

விஷயம் இதுதான். மற்ற இருவரின் படிவமும் பழைய தலைமையாசிரியர் இருந்தபோதே கையெழுத்தாகிவிட்டது. மூக்குத்திக்காரி அப்பா அம்மாவோடு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய்விட்டுத் தாமதமாகத்தான் பள்ளிக்குத் திரும்பினாள். அதற்குள் அவர் போய்விட்டார். முத்திரை அதே முத்திரை, போட்டோவில் இருப்பது அதே பிள்ளை. மையின் நிறம்தான் வேறு.

"அப்ப பச்சையில போடறவங்ககிட்ட வாங்கிக்கினு வாங்க" என்றேன்.

"அவரு இப்ப திருவண்ணாமலை பக்கம் இருக்காருங்க டீச்சர்."

அதற்குள் அந்தப் பிள்ளை மேசைக்குக் கிட்டே வந்து, "மிஸ், நான் இவளுங்க ரெண்டு பேரையும் விட வேகமா ஓடுவேன் மிஸ்" என்றாள். பீற்றிக்கொள்கிற மாதிரி இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். மற்ற இருவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். தன்னைவிட ஒருத்தி வேகம் என்று போட்டிக்கு வந்த இடத்தில் தலையாட்டுகிற பிள்ளைகளை நான் அதுவரை பார்த்ததில்லை.

"ஓடறதெல்லாம் அப்புறம். மொதல்ல பச்சை வேணும்" என்று சொல்லிப் படிவத்தை மடித்துக் கொடுத்தேன். அவள் அழவில்லை. மற்ற இருவரின் செருப்பையும் தண்ணீர்ப் பாட்டிலையும் வாங்கிக்கொண்டு, என் மேசைக்குப் பின்னால் இருந்த கம்பி வேலி ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். வேலி முழுக்கக் கோவைக்கொடி படர்ந்திருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் பெண்களுக்கான நூறு மீட்டர் இறுதி ஓட்டம். துப்பாக்கி வெடித்தது. நான் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தவள், கூட்டம் "ஓ"வென்று கத்தியதில் நிமிர்ந்தேன். நிமிர்ந்து பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். உயரமானவள் முதலிடம், ரெட்டைச் சடை இரண்டாமிடம், புது ஷூ போட்ட டவுன் பிள்ளை ஒன்று நல்ல தூரம் தள்ளி மூன்றாவது. நேரம் பார்த்த இருவரும் ஒருவர் கடிகாரத்தை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். அந்த மைதானத்தில் பெண் பிள்ளைகள் யாரும் அதுவரை அந்த நேரத்தில் ஓடியதில்லை என்று அதில் ஒருவர் என்னிடம் ஓடிவந்து சொன்னார். வேலிப் பக்கம் திரும்பினேன். மூக்குத்திக்காரி அவர்கள் செருப்பை இரண்டு கையிலும் பிடித்துத் தட்டிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது பரிசு மேடை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிய மரப்பெட்டிகள். பொன்னாடை போர்த்திய விருந்தினர் மெடல் மாட்டிவிட்டார். போட்டோ எடுக்கிறவர், "கைய தூக்கி ஆட்டுங்கமா, நல்லா சிரிங்க" என்றார். மூன்று பேரும் வலது கையைத் தூக்கினார்கள்.

இரண்டு உள்ளங்கை பளீரென்று பச்சை!

மணிக்கட்டு வரை பச்சை. கரும்பலகைக்குத் தேய்க்கிற மாதிரி கோவை இலையைக் கசக்கித் தேய்த்திருந்தார்கள். மூன்றாவது பெட்டியில் நின்ற டவுன் பிள்ளை, தன் கையில் மட்டும் ஒன்றுமில்லையே என்று தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. இவர்கள் இரண்டு பேரும் கையை இறக்கவே இல்லை. சிரிக்கவும் இல்லை. நேராக என் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

காலையில் நான் கேட்ட பச்சை அது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். எந்தக் கட்சி என்று ஒருவர் கேட்டார். மரம் வெட்டுகிறதுக்கு எதிர்ப்பு என்றார் ஒருவர், மலைக்கு ரோடு கேட்கிறார்கள் என்றார் இன்னொருவர். என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "பாவம், மருதாணிய சரியா கழுவல போலக்குது" என்றார். விழாக்குழுத் தலைவர் மேடைக்கு விடுவிடுவென்று போய், "இன்னாம்மா இது?" என்று கேட்டார்.

"பச்சைங்க சார்" என்றாள் உயரமானவள்.

அவ்வளவுதான். அந்தப் பதில் அவருக்கு இன்னும் கோபத்தை ஏற்றிவிட்டது. சாயங்காலத்துக்குள் அந்தப் போட்டோ எல்லார் போனிலும் போய்ச் சேர்ந்துவிட்டது. விருந்தினரை அவமானப்படுத்தினார்கள் என்று ஒரு பேச்சு. யாரோ தூண்டிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. அந்தப் பிள்ளைகள் எவ்வளவு வேகமாக ஓடினார்கள் என்று மட்டும் யாரும் பேசவில்லை. மைக்கில் அந்த நேரத்தை அறிவிக்கக்கூட மறந்துபோனார்கள்.

நாளைக் காலை பத்து மணிக்குள் விளக்கமும் மன்னிப்பும் எழுதித் தர வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மெடலும் ரத்து, மாநிலப் போட்டிக்கும் அனுப்ப மாட்டோம் என்று தலைவர் சொல்லிவிட்டார். பொறுப்பு சார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அந்த மைதானத்தில் விஷயம் தெரிந்து, சொன்னால் எடுபடக்கூடிய பெரியவள் நான் ஒருத்திதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? படிவங்களை அகரவரிசையில் அடுக்கினேன். அடுக்கி முடித்ததைக் கலைத்து மறுபடியும் அடுக்கினேன்.

என் வீடு கச்சிராயபாளையத்தில். வெள்ளிமலை பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் மலை ஏறும். ஏறிப் பார்த்தால், உள்ளே அந்த மூன்று பேரும்! பொறுப்பு சார் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் கூட்டம். இறங்கிவிடலாமா என்று நினைப்பதற்குள் மூக்குத்திக்காரி எழுந்து, "மிஸ், இங்க குந்துங்க மிஸ்" என்றாள். போயும் போயும் அவள் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். உட்காராமல் இருக்கவும் முடியவில்லை, உட்காரவும் கூசியது. உட்கார்ந்தேன்.

முன்னால் கரும்பு ஏற்றின டிராக்டர் ஒன்று வழிவிடாமல் போய்க்கொண்டிருந்தது. ரெட்டைச் சடை தன் பையிலிருந்து வேகவைத்த மரவள்ளிக் கிழங்கை எடுத்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். எனக்கும் நீட்டினாள், அந்தப் பச்சைக் கையாலேயே. வாங்கிக்கொண்டேன். கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா இப்படி பண்ணீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

ரெட்டைச் சடைக்கு என் கேள்வியே ஆச்சரியமாக இருந்தது. "நீங்கதான மிஸ் பச்சை வேணும்னு சொன்னீங்க? இவ கையெழுத்துல பச்சை கம்மியா இருக்குதுன்னுதான, எங்க கையில தேச்சிக்கினு வந்து காட்டினோம்" என்றாள்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன் மிஸ். இவதான் கேக்கல" என்றாள் மூக்குத்திக்காரி. பிறகு தயங்கித் தயங்கி, "பச்சையிலதான் போடணும்னு நோட்டீஸ்ல இருக்குதுங்களா மிஸ்? நாங்க நோட்டீஸைப் பார்க்கல" என்று கேட்டாள். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

இல்லாமலா, காட்டுகிறேன் என்று பையிலிருந்து போட்டி அறிவிப்பை எடுத்தேன். பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு வருடமும் வருகிற தாள்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்துப் படித்தேன். 'தலைமையாசிரியர் அல்லது பொறுப்பு ஆசிரியர் கையொப்பம், பள்ளி முத்திரையுடன்.' மை பற்றி ஒரு வார்த்தை இல்லை. தாளைத் திருப்பினேன். பின்பக்கம் இருந்தது: 'படிவத்தை நீலம் அல்லது கறுப்பு மையில் நிரப்பவும்.'

அட கடவுளே! பச்சை என்ற சொல்லே அந்தத் தாளில் கிடையாது. பார்க்கப்போனால், நான் திருப்பியனுப்பிய அந்த நீலத்தில் எந்தக் குறையும் இல்லை. நான் அந்த அறிவிப்பை ஒரு வருடம்கூட முழுதாகப் படித்ததில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! இதற்கு முன் எத்தனை பிள்ளைகளை இப்படித் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று நினைத்தபோது அந்த பஸ்ஸிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"தப்பு என்னுதும்மா. அப்படி எங்கயும் போடல" என்றேன்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. மூக்குத்திக்காரி, "அப்ப நாளைக்கு எரநூறு மீட்டர் இருக்குதே மிஸ்?" என்றாள். அவளுக்கு அதுதான் கவலை. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. உயரமானவள் உடனே, "எரநூறுல உன்ன உடமாட்டேன்டி" என்றாள். மூன்றும் சிரிக்க, நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிக்க, "கச்சிராயபாளையம் எறங்கறவங்க அப்பவே எறங்கியாச்சு, நீங்க எங்கம்மா போறீங்க?" என்று கண்டக்டர் வந்து நின்றார். பேச்சு சுவாரசியத்தில் ஊரைத் தாண்டி வந்திருக்கிறேன்! மலையடிவாரத்தில் இறங்கி, வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் வண்டி எடுத்துக்கொண்டு வந்து கூட்டிப்போனார். வழி முழுக்க அவர் அடித்த கேலி ஒரு பாட்டம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே தலைவர் முன்னால் போய் நின்றேன். விளக்கக் கடிதத்தை நானே எழுதிக் கொண்டுபோயிருந்தேன், என் பெயரில், என் கையெழுத்தோடு. நீல மையில்தான். படித்துவிட்டு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பத்தொன்பது வருஷமாவா டீச்சர்?"

"பத்தொன்பது வருஷமாதாங்க சார்."

அவருக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது, சிரிப்பை அடக்கினார். அந்தப் பிள்ளைக்கு இருநூறு மீட்டரில் இடம் கொடுத்தார். மெடல்களும் அவர்களுக்கே என்றார். "ஆனா எல்லார் முன்னாடியும் நடந்ததுக்கு எல்லார் முன்னாடியும்தான் பதில் சொல்லணும்" என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்.

எத்தனையோ பிள்ளைகளை மைக்கில் அதட்டியிருக்கிறேன். அன்றைக்கு மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மலைப்பள்ளிப் பிள்ளைகள் யாரையும் அவமானப்படுத்தவில்லை, ஒரு பிள்ளையை நான் தவறாகத் திருப்பி அனுப்பினேன், அதைத்தான் அவர்கள் எனக்குக் காட்டினார்கள் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, தலைவரைக் கேட்காமலே, முந்தின நாள் நூறு மீட்டர் நேரத்தை இரண்டு தடவை வாசித்தேன். பிறகு எழுந்தது பாருங்கள் கைத்தட்டல்! ஒரு நாள் தாமதமாக வந்தாலும் சும்மா சொல்லக் கூடாது, வட்டியோடு வந்தது. பொறுப்பு சார் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூக்குத்திக்காரிக்கு எண் அட்டையை நானே குத்திவிட்டேன். இறுதி ஓட்டத்தில் மூன்று பேரும் பக்கத்துப் பக்கத்துக் கோட்டில் நின்றார்கள். வளைவு திரும்பும்போது உயரமானவள்தான் முன்னால். நேர்க்கோட்டுக்கு வந்ததும் மூக்குத்திக்காரி ஒரு கணம் எம்பின மாதிரி இருந்தது. அதன்பிறகு அவள் கால் தரையில் பட்டதை நான் பார்க்கவில்லை. நூலை நெஞ்சில் வாங்கிக்கொண்டு இன்னும் இருபது அடி ஓடினாள். ஒரு கை அகலத்தில் உயரமானவள் இரண்டாவது. ரெட்டைச் சடை பாவம், நான்காவதாகப் போனாள். போனாலும் விழுந்தடித்து ஓடிவந்து, "நாங்கதான் மொதல்லயே சொன்னோம்ல மிஸ்!" என்று என் மேசையைத் தட்டிக் கத்தினாள். மேசையில் இருந்த படிவமெல்லாம் பறந்தன. நான் பொறுக்கவே இல்லை.

பரிசு மேடை. அதே பெட்டிகள், அதே போட்டோக்காரர். பழக்கதோஷத்தில் "கைய தூக்குங்கமா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. முதல் இரண்டு பெட்டியில் நின்ற இரண்டு பேரும் கையைத் தூக்கி, உள்ளங்கையைத் தலைவர் பக்கம் நன்றாகத் திருப்பிக் காட்டினார்கள். புதிதாக ஒன்றும் இல்லை. உயரமானவள் கையில் மட்டும் நேற்றைய கறை மங்கலாக இருந்தது.

அப்போதுதான் மூக்குத்திக்காரி என் மேசைப் பக்கம் பார்த்தாள். நான் எழுந்து நின்று என் வலது கையைத் தூக்கினேன். வேலியிலிருந்து நாலு கோவை இலையைப் பறித்து, யாருக்கும் தெரியாமல் மேசைக்கு அடியில் கசக்கித் தேய்த்து வைத்திருந்தேன். உள்ளங்கை முழுக்கப் பச்சை. அவள் மெடலைப் பிடித்துக்கொண்டு மேடை மேலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் பேப்பரில் வந்த போட்டோவிலும் அப்படித்தான் இருக்கிறாள், கண் இரண்டும் மூடி, வாயெல்லாம் பல்லாக.

மாநிலப் போட்டிக்கு மூன்று பேரும் போனார்கள். மூக்குத்திக்காரி இறுதிச் சுற்று வரை போனாள். இப்போது மூவரும் வேறு வேறு ஊரில் கல்லூரியில் படிக்கிறார்கள், இன்னும் ஓடுகிறார்கள். பொங்கலுக்குப் பொங்கல் போன் வரும், எடுத்ததும் "பச்சை மிஸ்ஸா?" என்றுதான் கேட்பார்கள்.

ஒன்றுதான் இன்றும் மனதை உறுத்துகிறது. எங்கள் பக்கத்தில் அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "யாரு, அந்தப் பச்சைக் கை பொண்ணுங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். ஓடின ஓட்டம் யாருக்கும் ஞாபகம் இல்லை. நான் விடுவதில்லை. பஸ்ஸாக இருந்தாலும் கல்யாண வீடாக இருந்தாலும் நிறுத்தி, அவர்கள் ஓடிய நேரத்தை முதலில் சொல்லுவேன், கை ஏன் பச்சையானது என்பதை அப்புறம்தான் சொல்லுவேன்.

என் கையில் இருந்த கறை சோப்புக்கு இரண்டு நாளில் போய்விட்டது. ஆனால் அந்த மேசை இன்றும் எனக்குத்தான் வருகிறது. ஒவ்வொரு பிள்ளை படிவத்தை நீட்டும்போதும், அதைத் திருப்புவதற்கு முன் என் உள்ளங்கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, பிறகு நிமிர்ந்து அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறேன்.